வெயிலில் ஹீட்டர் போட்டது யார்?

அத்தியாயம் 6

"என் தம்பியக் கொன்னது அவன் பொண்டாட்டிதான்" என்றார், பெயர்ப் பலகை எழுதும் போர்டுக் கடைக்காரர்.

அந்தப் பொண்டாட்டி அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நெடுநெடுவென்று வளர்ந்த பெண் என்பது உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்தது. கணவரின் அண்ணன் சொன்னது காதில் விழுந்த மாதிரியே இல்லை. மறுக்கவில்லை, அழவில்லை. மின்விசிறி தள்ளிவிடும் அனல் காற்றை யாருக்கோ அடிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் அம்மா அவளைப் பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயராகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். பழைய வேலை போய்விட்டது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. நசுங்கிய வண்டிகளையும், அதில் போனவர்களின் வீடுகளையும் பார்த்துப் பார்த்து, எதைக் கேட்டாலும் முகம் மாறாத நிலைக்கு எப்போதோ வந்துவிட்டார்.

முகம் மாறுவதற்கென்றே அவரிடம் ஓர் உதவியாளன் இருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அழுத்தாமலே சத்தம் வருவதால் ஊர் வைத்த பெயர் ஹாரன்.

"சார், ஆளப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுக் கொலைகாரின்னு கை காட்டறீங்க. துப்பறியறதுக்கு எங்களுக்கு என்னதான் மிச்சம் வச்சிருக்கீங்க?" என்றான் ஹாரன்.

"எனக்குத் தெரிஞ்சா போதாது. போலீஸ் நம்பணும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

செத்துப்போனவர் ஊருக்கெல்லாம் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். போன வாரம் உச்சி வெயிலில், பைபாஸ் ரோட்டில் நின்றுபோன தன் காருக்குள்ளேயே உயிர் போய்க் கிடந்தார். மாரடைப்பு என்று எழுதிவிட்டுப் போலீஸ் கையைக் கழுவிக்கொண்டது.

"மாரடைப்புல கொலை எங்க சார் வந்துச்சு?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

"ஹீட்டர்ல வந்துச்சு. அந்த வெயில்ல, வண்டிக்குள்ள ஹீட்டர் முழுசாப் போட்டிருக்கு. குமிழ் சிவப்புப் பக்கம் கடைசி வரைக்கும் திருகியிருக்கு. ஏற்கனவே நெஞ்சு பலவீனமான ஆளு அவன். அடுப்புல வைக்கிற மாதிரி வச்சிருக்கா."

"இவங்க அந்த வண்டியில போனாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பக்கத்துல எடைமேடை ஒண்ணு இருக்கு, லாரிய எடை போடற இடம். அங்க ஒரு பொம்பள ஓடி வந்து, போன் கேட்டு, ஆம்புலன்சக் கூப்பிட்டிருக்கா. வெயிலுக்குத் துணியால முகத்தச் சுத்திக் கட்டியிருந்ததால எடைமேடைக்காரனுக்கு அடையாளம் தெரியல. அப்புறம் ஆளக் காணோம். வேற யாரு? இந்த வீட்ல கார் ஓட்டத் தெரிஞ்ச பொம்பள இவ ஒருத்திதான்."

அவர் குரலில் கோபம் இல்லை. பலமுறை தனக்குத் தானே சொல்லிப் பார்த்துத் தேய்ந்துபோன பேச்சு.

"போலீஸ் வந்து சேதி சொன்னப்போ இவ என்ன சொன்னா தெரியுமா? 'சரி'ன்னா. அவ்வளவுதான். முன்னாடியே தெரிஞ்சவ சொல்ற 'சரி' அது. காலையில ரேடியேட்டருக்குத் தண்ணி பாக்கறதும் இவ வேலைதான். அன்னிக்கு வேணும்னே ஊத்தாம விட்டிருக்கா. அதான் இஞ்சின் காஞ்சு நடுரோட்ல நின்னிருக்கு."

சர்வேயர் அம்மா நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தினியாம்மா?"

"ஊத்தினேன்."

"அவரோட வண்டியில போனியா?"

அவள் பார்வை மின்விசிறிக்குத் திரும்பியது.

"போகலன்னா போகலன்னு சொல்லலாமே."

"எப்படி வேணா வச்சுக்குங்க" என்றாள் அவள்.

உள்ளேயிருந்து போர்டுக் கடைக்காரரின் மனைவி தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு வந்தார். குட்டையான, ஒல்லியான பெண்மணி. செத்துப்போனவருக்கு அண்ணி. தட்டை இடது கையில் தாங்கி, வலது மணிக்கட்டைப் புடவைத் தலைப்பில் மறைத்திருந்தார். தலைப்பு விலகியபோது உள்ளே துணிக்கட்டு தெரிந்தது.

"கையில என்னக்கா?" என்றான் ஹாரன்.

"வெந்நீர் கொட்டிடுச்சு."

அதையும் அவர் யாருக்கோ நடந்தது போலத்தான் சொன்னார். டம்ளர்களை வைத்தார். ஜன்னலோரம் இருந்தவளின் டம்ளரை மட்டும் கையிலேயே கொடுத்து, அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார்.

"இந்த வீட்ல ரெண்டு பொம்பளைங்களுக்கும் நடுவுல பேச்சே இல்ல போல" என்று வெளியே வந்ததும் சொன்னான் ஹாரன். "பேசறதுக்கெல்லாம் சேர்த்து அண்ணன் பேசிடறார்."

"பேசாம இருக்கறதுலயும் ரெண்டு வகை இருக்குடா. வண்டிய எடு."

போலீஸ் ஸ்டேஷனின் பின்புறத்தில், துருப்பிடித்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றது மாஸ்டரின் கார். ஏட்டு நிழலை விட்டு வர மனமில்லாமல் வந்தார்.

காரின் முன்பக்கம் முழுவதையும் ஒரு புதுத் தகர போர்டு அடைத்திருந்தது. இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரை நீளம், பானெட்டின் விளிம்பிலிருந்து பம்பர் வரை உயரம். மஞ்சளில் சிவப்பு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் கொடுத்து, ஓரத்தில் கொடி வேலை செய்து, ஒரு குறையில்லாத வேலை. நான்கு மூலையிலும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணியிருக்காங்களே" என்றான் ஹாரன்.

"அண்ணன் கைவேலை" என்றார் ஏட்டு. "அந்த வாரம்தான் மாட்டினாராம். தம்பி பேரு தெருக்கோடியில இருந்தே படிக்கணும்னு ஆசையாச் செஞ்சேன்னு வர்ற போதெல்லாம் சொல்லிட்டிருக்கார், பாவம்."

சர்வேயர் அம்மா போர்டுக்குப் பின்னால் விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் போகவில்லை. ஒன்றும் சொல்லாமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"வண்டி வந்ததுக்கு அப்புறம் இந்த சீட்ட யாராவது நகர்த்தினீங்களா?"

"இல்லம்மா. கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம். யாரும் கை வைக்கல."

"மாஸ்டர் உயரம் என்ன?"

"ஆறடி இருப்பார்."

"ஆறடி ஆளு இங்க உட்காரணும்னா காலக் கழட்டிப் பின்சீட்ல வச்சுட்டுத்தான் உட்காரணும்" என்றான் ஹாரன்.

"உடம்பு எந்த சீட்ல இருந்துச்சு?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

ஏட்டு கொஞ்சம் நெளிந்தார். "இடது சீட்ல. மூச்சு முட்டினப்போ அந்தப் பக்கம் நகர்ந்திருப்பார்னு எழுதியிருக்கோம்."

"கியரத் தாண்டி, ஹேண்ட் பிரேக்கத் தாண்டி, நெஞ்சு வலியோட ஆறடி உடம்பா?" என்றான் ஹாரன். "டிரைவிங் ஸ்கூலா சார் நடத்தினார், சர்க்கஸ் கம்பெனியா?"

"அவர் நகரவே இல்ல" என்றார் சர்வேயர் அம்மா. "சொல்லிக் கொடுக்கறவர் உட்கார்ற இடம் இடது சீட்டுதான். வேற ஒருத்தர் ஓட்டியிருக்காங்க. கண்ணாடியெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"நாலும் இறக்கியிருந்துச்சு."

"ஹீட்டரப் போட்டு ஒருத்தர வேக வைக்க நினைக்கிறவ கண்ணாடிய இறக்கி வைப்பாளா?"

ஏட்டு வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். அது பதில் சொல்லாமல் இருப்பதற்கு வசதியாக இருந்தது.

சர்வேயர் அம்மா பானெட்டைத் தூக்கினார். அதன் அடிப்புறமெல்லாம் பச்சைக் கறை காய்ந்து சிதறியிருந்தது. இஞ்சினைச் சூடேறாமல் காப்பாற்ற ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் பச்சைத் திரவத்தின் கறை.

"இத நல்லாப் பார்த்துக்க. உள்ள நிறையத் தண்ணி இருந்து, கொதிச்சு, மூடி வழியா வெளிய பீச்சியிருக்கு. காலியா இருந்த ரேடியேட்டர் இப்படித் துப்பாது. அந்தப் பொண்ணு ஊத்தினேன்னு சொன்னது நிஜம்."

"அப்ப ஏன் மேடம் கொதிச்சுச்சு?"

"கடைத்தெருவுக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டி வாங்கிட்டு வா. பெருசா இருக்கட்டும்."

சோப்பு அட்டைப் பெட்டியைப் பிரித்து, சர்வேயர் அம்மாவின் பழைய காரின் முன்பக்கத்தில் காற்று புகும் சல்லடையை முழுவதுமாக மூடிக் கட்டினான் ஹாரன். அம்மா ஏ.சி.யைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

கடைத்தெரு நெரிசலில் வண்டி ஊர்ந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. சந்தையைத் தாண்டுவதற்குள் நடுவை விட்டு நகர்ந்தது. மேம்பாலம் ஏறும்போது சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"மேடம், முள்ளு ஏறுது! வண்டிய ஓரம் கட்டுங்க."

"ஓரம் கட்டறதுதான் சரி. இஞ்சினை அணைச்சுட்டு, ஆறற வரைக்கும் மூடியத் தொடாம உட்கார்ந்திருக்கணும். ஆனா நிறுத்தவே முடியாத அவசரம்னு வச்சுக்க. அப்ப என்ன பண்ணுவே?"

"சாமி கும்பிடுவேன்."

சர்வேயர் அம்மா ஏ.சி.யை அணைத்தார். நான்கு கண்ணாடியையும் இறக்கினார். ஹீட்டர் குமிழைச் சிவப்பின் கடைசி வரை திருகி, விசிறியை முழு வேகத்தில் வைத்தார்.

அனல் ஹாரனின் முகத்தில் அறைந்தது. வெளியே ஒரு வெயில், உள்ளே ஒரு வெயில். சட்டை உடம்போடு ஒட்டியது.

"மேடம், நான் என்ன தப்புப் பண்ணினேன்? சம்பளம் கூடக் கேக்கலையே!"

"முள்ளப் பாரு."

முள் தயங்கியது. பிறகு மெல்ல, மனமில்லாதது போல, சிவப்பை விட்டுக் கீழே இறங்கியது.

"ஹீட்டருக்குத் தனியா அடுப்பு கிடையாதுடா. இஞ்சின் சூட்டத்தான் அது உள்ள கொண்டு வருது. ரேடியேட்டருக்குக் காத்து கிடைக்காதப்போ, ஹீட்டர் இன்னொரு குட்டி ரேடியேட்டர். இஞ்சின் சூட்டுல பாதிய நம்ம வாங்கிக்கிறோம்."

ஹாரன் கைக்குட்டையைப் பிழிந்தான். பிழிந்தபடியே அவன் கை நின்றது.

"அப்ப அந்த ஹீட்டர்…"

"யாரையும் கொல்றதுக்குப் போட்டது இல்ல. வண்டி நின்னுடக் கூடாதுன்னு போட்டது. பக்கத்துல ஒரு ஆளு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அந்த அனலத் தானும் தாங்கிக்கிட்டு ஒருத்தி ஓட்டியிருக்கா."

"அப்ப போர்டு?" என்றான் ஹாரன், முன்னால் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தபடி.

"ஆமா" என்றார் சர்வேயர் அம்மா. "போர்டுதான்."



மறுநாள் காலை, மாஸ்டரின் சாமான்களை ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி மூன்று பேரையும் தன் காரில் ஏற்றினார் சர்வேயர் அம்மா. ஹாரன் ஓட்டினான். பக்கத்தில் போர்டுக் கடைக்காரர். அவர் மடியில் தம்பி மனைவியைக் குற்றம் சாட்டும் மனு. பின்சீட்டில் ஒரு ஓரம் மாஸ்டரின் மனைவி, நடுவில் சர்வேயர் அம்மா, மறு ஓரம் அண்ணி.

"நீங்க கார் ஓட்டக் கத்துக்கலையாம்மா?" என்று அண்ணியிடம் சாதாரணமாகக் கேட்டார் சர்வேயர் அம்மா.

முன்சீட்டிலிருந்து கணவர் பதில் சொன்னார். "இவளா? ஒரு தடவ கேட்டா. தையல் மிஷினே நேரா ஓட்டத் தெரியல, உனக்குக் கார் கேக்குதான்னேன். அதோட விட்டுட்டா."

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடு ஒன்று குறுக்கே வந்தது. வராமல் இருந்தாலும் ஹாரன் அங்கே பிரேக் அடித்திருப்பான், அப்படித்தான் அவனுக்கு உத்தரவு. டயர் கிறீச்சிட்டது. போர்டுக் கடைக்காரர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்தார். மாஸ்டரின் மனைவி உட்கார்ந்த இடத்திலேயே அசைந்து அடங்கினாள். அண்ணியின் கைகள் எதையும் பிடிக்கவில்லை. இரண்டு கால்களும் தரையை ஓங்கி மிதித்தன. இடது கால் கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில், வலது கால் பிரேக் இருக்க வேண்டிய இடத்தில்.

சர்வேயர் அம்மா குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். மெதுவாகக் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் வந்ததும் போர்டுக் கடைக்காரர் மனுவோடு ஏட்டைத் தேடிப் போனார். ஹாரன் அவர் கூடவே போய்ப் பேச்சுக் கொடுத்தான். அந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

சுவரோரம் விழுந்திருந்த கொஞ்ச நிழலில் மூன்று பெண்களும் நின்றார்கள்.

"வெந்நீர் எந்தப் பாத்திரத்துல இருந்து கொட்டுச்சு?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா. "ரேடியேட்டர்ல இருந்தா?"

அண்ணி துணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சூடா இருக்கும்போது மூடியத் திறக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். மறந்துட்டேன். கையில ஒரு பாட்டில் தண்ணி இருந்துச்சு. ஊத்தினா ஓடும்னு நெனச்சேன்."

"அக்கா, பேசாதே" என்றாள் மாஸ்டரின் மனைவி.

"தெரிஞ்சுபோச்சு சின்னவளே."

"எடைமேடையில இருந்து உனக்கும் போன் பண்ணினாங்க, இல்லையா?" என்று மாஸ்டரின் மனைவியிடம் திரும்பினார் சர்வேயர் அம்மா. "அதனாலதான் போலீஸ் வந்தப்போ 'சரி'ன்னு மட்டும் சொன்னே."

"'போயிட்டாருடி'ன்னா. வேற பேச்சே வரல அக்காவுக்கு. நீ பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடு, நீ அங்க இல்லன்னு நான்தான் சொன்னேன்."

"ஏம்மா?"

"பெரியத்தான் ஒரு கேள்வி கேப்பார். எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் தனியா அங்க எதுக்குப் போனீங்கன்னு. அதுக்கு நேரான பதில் இருக்கு. ஆனா கேள்வி ஒரு தடவ வெளிய வந்துட்டா, பதில் வந்ததுக்கு அப்புறமும் உள்ள போகாது. அக்கா அந்த வீட்ல இன்னும் வாழணும்."

சர்வேயர் அம்மா மாஸ்டரின் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போர்டு விஷயமும் உனக்குத் தெரியும்" என்றார்.

முதல்முறையாக அந்த முகம் அவர் பக்கம் திரும்பியது.

"மாட்டின அன்னிக்கே சொன்னார். இது காத்த மறைக்குது, இந்த வெயிலுக்கு இஞ்சின் தாங்காதுன்னு. உடனே கழட்டுங்கன்னேன். அண்ணன் தூக்கம் விட்டு வரைஞ்சிருக்கான், ரெண்டு நாள் இருக்கட்டும், அப்புறம் மேல ஏத்தி மாட்டிக்கிறேன்னார்."

"இத அவர்கிட்ட நீ சொல்லியிருந்தா உன்னக் கொலைகாரின்னு சொல்லியிருக்க மாட்டாரே."

"தம்பிய நம்ம கையாலேயே முடிச்சுட்டோம்னு தெரிஞ்சா அவர் எழுந்திரிக்க மாட்டார். சொல்லாதீங்க மேடம்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எனக்கு இப்ப எதுவுமே உறைக்கல. யார் என்ன சொன்னாலும் உறைக்கல. உறைக்கிறவங்க தலையில அத ஏன் போடணும்?"

எத்தனையோ வீடுகளில், எத்தனையோ விதமான காரணங்களைக் கேட்டவர் சர்வேயர் அம்மா. இப்படி ஒன்றை இதுவரை கேட்டதில்லை.

அந்தப் பக்கம் போர்டுக் கடைக்காரரின் குரல் உயர்ந்தது. ஹாரனின் பேச்சு தீர்ந்துவிட்டிருக்க வேண்டும்.

"கொலைன்னு எழுதுங்க ஏட்டய்யா! அவள இன்னிக்கே உள்ள வையுங்க. ஹீட்டரப் போட்டுக் கொன்னிருக்கா!"

அண்ணி நிழலை விட்டு வெளியே நடந்தார். மாஸ்டரின் மனைவி அவர் கையைப் பிடித்தாள். அண்ணி அந்தக் கையை எடுத்து, ஒரு தடவை அழுத்திவிட்டு, கீழே விட்டார்.

"ஹீட்டரப் போட்டது நான்" என்றார்.

கணவர் திரும்பினார். "என்னது?"

"நான்தான் ஓட்டினேன்."

"உனக்கு எங்கடி ஓட்டத் தெரியும்?"

"தெரியும். உங்க தம்பி சொல்லிக் கொடுத்தார். சின்னவளுக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. நீங்க சிரிச்சீங்க, அதான் சொல்லல."

ஏட்டு பேனாவை மூடினார். ஹாரன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"பைபாஸ்ல பழகிட்டிருந்தோம்" என்றார் அண்ணி. "திடீர்னு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டார். 'ஆஸ்பத்திரிக்கு விடுங்க அண்ணி'ன்னார். விட்டேன். அதுக்குள்ள இஞ்சின் முள்ளு ஏறிடுச்சு. நிறுத்தட்டுமான்னு கேட்டேன். வேணாம், நின்னா மறுபடி கிளம்பாது, ஹீட்டரப் போடுங்க, கண்ணாடிய இறக்குங்கன்னார். முள்ளு இறங்குச்சு. அப்புறம் மறுபடி ஏறுச்சு. எனக்கு வேகமாப் போகவும் பயம், மெதுவாப் போகவும் பயம். வண்டி நின்னப்போ திரும்பிப் பார்த்தேன். அவர் பேசல."

எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கணவரின் முகத்தில் நிறம் மெல்ல மெல்லப் போயிற்று.

"ஆம்புலன்ஸ் வந்து துணி போட்டு மூடற வரைக்கும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன். அப்புறம் பஸ் ஏறிட்டேன். அது தப்புதான். போலீஸ் என்ன வேணா எழுதிக்கட்டும்."

"பக்கத்துல சொல்லிக் கொடுக்கறவர் இருக்கும்போது ஓட்டறது குத்தம் இல்ல" என்றார் ஏட்டு, தரையைப் பார்த்தபடி. "ஒரு வாக்குமூலம் மட்டும் கொடுத்துட்டுப் போங்கம்மா. டாக்டர் மாரடைப்புன்னுதான் எழுதியிருக்கார்."

போர்டுக் கடைக்காரர் மாஸ்டரின் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துக்கொள்ள அவருக்கு இன்னும் ஒரே ஒரு இடம் பாக்கியிருந்தது.

"அப்ப இஞ்சின் ஏன் கொதிச்சுச்சு? இவ தண்ணி ஊத்தலதானே? ஊத்தியிருந்தா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருப்பான்தானே?"

"ஊத்தியிருக்கா" என்றார் சர்வேயர் அம்மா. "பானெட்டுக்கு அடியில கறை இருக்கு, வந்து பாருங்க. நிறைஞ்ச தண்ணிதான் கொதிச்சு வெளிய அடிச்சிருக்கு."

"அப்புறம் எதனால?"

போர்டு அவர் முகத்துக்கு நேராக, வெயிலில் மஞ்சளும் சிவப்புமாக நின்றது. ஹாரன் வாயைத் திறந்தான். சர்வேயர் அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் மாஸ்டரின் மனைவி பக்கத்தில் வந்துவிட்டாள்.

"வெயில், பெரியத்தான்" என்றாள். "வெயில்தான்."

அவர் சர்வேயர் அம்மாவைப் பார்த்தார். படித்தவர், பழகியவர், இந்த வேலையிலேயே ஊறியவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். கம்பெனி வேலையில் இருந்தவரை ஒரு விபத்துக்கும் தவறான காரணம் எழுதாதவர் சர்வேயர் அம்மா. அந்த விஷயத்தில் அவருக்குக் கெட்ட பெயரே உண்டு.

"இந்த வெயில்ல எந்த வண்டியும் கொதிக்கும் சார்" என்றார்.

ஹாரன் வாயை மூடிக்கொண்டான்.

போர்டுக் கடைக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கையிலிருந்த மனுவை என்ன செய்வதென்று தெரியாமல் நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். பிறகு மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னான்?"

அண்ணிக்கு அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"'பயப்படாம ரோட்டப் பாருங்க. நல்லா ஓட்டறீங்க'ன்னார். அப்புறம், 'அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்'ன்னார்."

அவர் அப்படியே நின்றார். என்னென்னவோ கேட்க நினைத்தவர் போல உதடு அசைந்தது. அந்தக் கேள்வி, இரண்டு பெண்களும் அத்தனை நாள் பயந்திருந்த கேள்வி, வரவில்லை. மனுவைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, வெயிலில் நின்ற தம்பி மனைவியிடம் போனார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சர்வேயர் அம்மாவின் காரின் பின்கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்தபடி தள்ளி நின்றார்.

"ஏறும்மா" என்றார். "வெயில்ல நிக்காதே."

அவள் ஏறிக்கொண்டாள்.